பொதுப் பூங்காவில் கையால் களை எடுக்கிறோம்: இது வீம்பா, வேலையா?

புங்கநிழல் (செங்கல்பட்டு மாவட்டம்)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் மனைப்பிரிவில் பூங்காவுக்கென்று ஒதுக்கிய இடம் அரை ஏக்கருக்குச் சற்றுக் கூடுதல். அது எப்படி வந்தது என்பது இங்கே பலருக்குத் தெரிந்திருக்கும். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தை மனைகளாகப் பிரித்தால், சாலை போக மிச்சத்தில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக விட்டு உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதிக் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டவர்கள் ஒரு பெயர்ப்பலகை நட்டதோடு சரி. கட்டட இடிபாடும் பாலித்தீன் பைகளும் சீமைக் கருவேலமுமாக அந்த இடம் பல ஆண்டுகள் கிடந்தது.

சில குடும்பங்கள் சேர்ந்து ஞாயிறு காலைகளில் இறங்கினோம். கருவேலத்தைத் தோண்டி எடுத்தோம். வேம்பு, புங்கை, நாவல், மகிழம், பூவரசு நட்டோம். கன்று நடும் நாளில் நூறு பேருக்குக் குறையாமல் வந்து புகைப்படம் எடுத்துக்கொண்டார்கள். அடுத்த சித்திரையில் குடம் தூக்க ஆறேழு பேர் மிஞ்சினோம்.

இப்போது மழைக்காலம் முடிகிறது. பார்த்தீனியம் இடுப்பளவு நிற்கிறது, இடையிடையே கோரை. போன வாரம் நலச்சங்கக் கூட்டத்தில் ஒரு யோசனை வந்தது: ஒப்பந்தக்காரரைப் பிடித்துப் புல்வெட்டும் இயந்திரம் ஓட்டி, அதன்மேல் களைக்கொல்லி அடித்துவிட்டால் மூன்று மாதத்துக்குக் கவலை இல்லை. சங்கத்தில் பணமும் இருக்கிறது. "படித்த மனிதர்கள் குனிந்து புல் பிடுங்குவது வீம்பு" என்று ஒருவர் முகத்துக்கு நேராகவே சொன்னார். கையால் செய்வதுதான் சரி என்பது என் எண்ணம். ஆனால் கூட்டத்தில் நிற்கும்படியான காரணமாக அதைச் சொல்லத் தெரியவில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

குரோம்பேட்டைவாசி

தவறாக நினைக்க வேண்டாம், வீம்புதான். ஒரு ஆள், ஒரு இயந்திரம், இரண்டு மணி நேரம். நீங்கள் மார்கழி முழுக்கக் குனிந்து செய்வதை அவர் காபி ஆறுவதற்குள் முடித்துவிடுவார். பணம் இருக்கும்போது முதுகை ஏன் ஒடித்துக்கொள்ள வேண்டும்? அந்த ஞாயிறுகளில் பிள்ளைகளுக்கு நீச்சல் கற்றுக்கொடுக்கலாம்.

---

களைக்கொத்து (திண்டுக்கல்)

குரோம்பேட்டைவாசி சொல்லும் இரண்டு மணி நேரக் கணக்கு சரியானதுதான். வெட்டவெளி மைதானமாக இருந்தால் நானும் அதையே சொல்வேன். கன்று நிற்கிற நிலத்தில் கணக்கு வேறு.

முதல் பிரச்சினை கன்றுதான். இயந்திரத்தின் நைலான் நரம்பு சுழல்கிற வேகத்தில் விரல் தடிமனுள்ள கன்றின் அடிப்பட்டை ஒரு நொடியில் உரிந்துவிடும். பட்டை முழுவட்டமாகப் போய்விட்டால் இலையில் ஆகும் உணவு வேருக்கு இறங்காது. கன்று அன்றைக்கே வாடாது என்பதுதான் கொடுமை. பச்சையாகவே நின்று, கோடையில் காய்ந்து போகும். "தண்ணீர் போதவில்லை" என்று ஊற்றியவர் தலையில் பழி விழும். அடுத்த முறை செத்த கன்றைப் பிடுங்கும்போது கணுக்கால் உயரத்தில் பட்டையைப் பாருங்கள்.

அடுத்தது பார்த்தீனியம். அதை அரையடி விட்டு வெட்டினால் அடியிலிருந்து பக்கக் கிளை விடும். அப்புறம் முழங்கால் உயரத்திலேயே பூத்து நிற்கும். முளைத்து நான்கிலிருந்து ஆறு வாரத்தில் பூக்கத் தொடங்குகிற செடி அது. நன்கு வளர்ந்த ஒன்றே 15,000 விதைகளுக்கு மேல் கொட்டும். பூத்த பிறகு இயந்திரம் ஓட்டினால் விதையை நாமே வாரி இறைத்த கதைதான். பூக்கும் முன் பிடுங்குவது ஒன்றுதான் வழி. அதற்கு மழை விட்ட மறுநாள் போக வேண்டும். செடியை நடுவில் பிடித்து இழுத்தால் தண்டு ஒடிந்து வேர் உள்ளே தங்கும். மண்ணோடு ஒட்டிய கழுத்தில் பிடித்து, லேசாகத் திருகி மேலே தூக்குங்கள். வெள்ளை ஆணிவேர் நுனிவரை முழுதாக வந்தால் சரி, பாதியில் ஒடிந்தால் களைக்கொத்தால் ஒரு கொத்து. பூக்காத செடியைக் கன்றின் அடியிலேயே மூடாக்காகப் போடலாம். பூத்ததைச் சாக்கில் கட்டித்தான் வெளியேற்ற வேண்டும். அதைக் குப்பைக் குழியில் எறிந்துவிட்டு அடுத்த ஆண்டு குழியைச் சுற்றிக் காடாய் முளைத்திருக்கிறதே என்று திகைத்தவர்களை எனக்குத் தெரியும்.

கோரை வேறு சாதி. மேலே பிடுங்குவது அதற்கு முடி திருத்திவிடுவது மாதிரி, இன்னும் செழிக்கும். மண்ணுக்குள் கிழங்கு கிழங்காகச் சங்கிலி போட்டிருக்கும். கன்றைச் சுற்றி ஒரு முழ வட்டத்தில் மட்டும் கிழங்கோடு தோண்டி எடுங்கள். மிச்ச இடத்தில் தென்னை மட்டையும் சருகும் கனமாகப் பரப்பி விட்டுவிடுங்கள். கோரைக்கு நிழல் ஆகாது. புங்கை கிளை விரிக்கத் தொடங்கிய பிறகு அது தானாகவே ஒதுங்கும்.

கருவேலத்தைத் தோண்டினோம் என்றீர்கள், நல்லது. தரைமட்டத்தில் வெட்டிவிட்டுப் போயிருந்தால் இந்நேரம் ஒன்று ஐந்தாகத் துளிர்த்திருக்கும். 1877இல் கடப்பைப் பக்கம் விறகுக்காகக் கொண்டுவந்து விதைத்த மரம். இன்றைக்கு இராமநாதபுரம் வரை அதன் ஆட்சிதான். அடிக்கட்டையோடு ஓரடி ஆழம்வரை எடுத்தால்தான் அடங்கும்.

---

குரோம்பேட்டைவாசி

பட்டை உரிவது நியாயமான காரணம், ஒப்புக்கொள்கிறேன். கன்றைச் சுற்றி ஒரு குழாய்த் துண்டு மாட்டிவிட்டு இயந்திரம் ஓட்டலாமே? வீம்பு என்ற சொல்லை இன்னும் திரும்பப் பெறவில்லை.

---

வைகைக்கரை (மதுரை)

எனக்கு வேறு கேள்வி. நிலம் உள்ளாட்சிக்குச் சொந்தம். பூங்காப் பராமரிப்பு அவர்கள் கடமை. சொத்து வரி கட்டுகிறீர்கள். நீங்கள் இலவசமாகக் குனிந்தால் அங்கே வேலைக்கு வைக்க வேண்டிய தோட்டப் பணியாளர் ஒருவருக்கு வேலை இல்லாமல் போகிறது. வசதியானவர் பொழுதுபோக்காகச் செய்கிற வேலையில்தான் இன்னொரு வீட்டில் உலை ஏறுகிறது. 'தன்னார்வம்' என்ற பெயரில் கூலி வேலை மறைவதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

இன்னொன்றும் உண்டு. நம் ஊரில் பழைய காலக் கூட்டுப்பணியைப் பற்றிப் பேசினால் எல்லோரும் உருகிவிடுகிறார்கள். குடிமராமத்தில் ஊரே கூடிக் குளம் வெட்டியது என்பார்கள். யார் வெட்டினார்கள், யார் கரையில் நின்று மேற்பார்த்தார்கள்? அது தானாக நடந்த பணி என்றால் 1858இல் சென்னை மாகாணத்தில் கட்டாய வேலைக்கென்று ஒரு சட்டமே போட வேண்டி வந்திருக்காது.

---

புங்கநிழல்

வைகைக்கரை, கடமை அவர்களுடையது என்பதில் எனக்கும் சந்தேகம் இல்லை. மனு கொடுத்திருக்கிறோம், நினைவூட்டலும் கொடுத்திருக்கிறோம். ஆனால் பணியாளர் வரும் வரை நிலம் காத்திருக்காது. ஒரு இடம் கேட்பாரற்றுக் கிடந்தால் முதலில் கார்கள் நிற்கும், அப்புறம் ஒரு கொட்டகை வரும், அப்புறம் கொட்டகைக்குப் பட்டா கேட்டு வழக்கு வரும். திறந்தவெளி ஒதுக்கீட்டு நிலங்கள் இப்படிக் கைமாறிப் போய் உயர் நீதிமன்றம் வரை இழுபட்டது இந்த மாநிலத்தில் புதிய கதை அல்ல. வாரா வாரம் நாலு பேர் நடமாடுவதுதான் எங்கள் இடத்துக்கு இருக்கிற ஒரே வேலி.

கூலி பற்றிச் சொன்னதை யோசிக்கிறேன். அதற்கு இப்போது என்னிடம் நல்ல பதில் இல்லை.

---

மகிழம்பூ

நானும் அதே மனைப்பிரிவுதான், தம்பி. இரண்டாவது குறுக்குத் தெரு. யார் எழுதுகிறார்கள் என்று மகிழ மரத்தைச் சொன்னவுடனே தெரிந்துவிட்டது. ஆறேழு பேர் மிஞ்சினோம் என்று எழுதியிருக்கிறீர்கள். ஏன் மிஞ்சினீர்கள் என்று எழுதவில்லையே, அதை நான் சொல்கிறேன்.

ஞாயிறு காலை ஏழு மணி என்று யார் முடிவு செய்தது? அந்த நேரத்தில் எங்கள் தெருவில் எந்தப் பெண் வீட்டை விட்டு வெளியே வர முடியும்? வாரத்தில் அன்றைக்குத்தான் எல்லோரும் வீட்டில். இட்லி ஊற்றி, கறி வாங்கி வரச் சொல்லி, பிள்ளைகளுக்குத் தலைக்கு எண்ணெய் வைத்து முடிக்கும்போது பத்தரை ஆகிறது. அப்போது நீங்கள் எல்லோரும் டீ குடித்துக் கலைந்திருப்பீர்கள். நாங்கள் ஐந்தாறு பேர் செவ்வாய், வியாழன் மாலை நாலரை மணிக்குப் போகிறோம். மேற்குச் சுவரோரம் பார்த்தீனியம் இல்லாமல் இருப்பதைக் கவனித்தீர்களா? தானாகப் போகவில்லை.

எனக்கு முழங்கால் தேய்மானம். குனிந்து எடுக்க முடியாது. பழைய அரிவாள்மணைப் பலகை ஒன்றில் உட்கார்ந்து, நகர்ந்து நகர்ந்து எடுக்கிறேன். இயந்திரம் வந்தால் எங்களுக்கு அங்கே வேலை இல்லை. அந்தச் சத்தத்தில் பக்கத்தில் நின்று பேசக்கூட முடியாது. நாலரை முதல் ஆறு வரை புல் எடுத்துக்கொண்டு பேசுகிற பேச்சுக்காகவும்தான் வருகிறோம், அதை ஏன் மறைக்க வேண்டும்?

நலச்சங்கக் கூட்டத்துக்கு எங்களைக் கூப்பிட்டதே இல்லை. அடுத்த கூட்டம் எப்போது?

---

குரோம்பேட்டைவாசி

அம்மா சொன்னதற்குப் பிறகு வீம்பு என்ற சொல்லைத் திரும்பப் பெறுகிறேன். இயந்திரத்தைத் திரும்பப் பெறவில்லை.

---

புங்கநிழல்

டீச்சர், நீங்கள்தானா! மேற்குச் சுவரை நான் கவனித்தேன். வெயில் குறைவான இடம் என்பதால் முளைக்கவில்லை என்று நாங்கள் ஞாயிற்றுக்கிழமை பேசிக்கொண்டிருந்தோம். கூட்டம் வரும் சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு. கட்டாயம் வர வேண்டும், உங்கள் குழுவில் எல்லோரையும் அழைத்து வாருங்கள்.

---

மாடித்தோட்டம் (சேலம்)

களைக்கொல்லி என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள், அதைப் பற்றி யாரும் பேசவில்லை. ஒப்பந்தக்காரர்கள் பெரும்பாலும் அடிப்பது கிளைபோசேட். 2022 அக்டோபரில் மத்திய அரசு அதற்குக் கட்டுப்பாடு கொண்டுவந்து அறிவிக்கை வெளியிட்டது: பூச்சிக் கட்டுப்பாட்டு உரிமம் பெற்றவர்கள் தவிர வேறு யாரும் அதைப் பயன்படுத்தக் கூடாது. உங்கள் ஒப்பந்தக்காரரிடம் அந்த உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள். பாதிப் பேர் அத்தோடு போனை எடுக்க மாட்டார்கள்.

புற்றுநோய் விஷயத்தில் நிதானமாகப் பேச வேண்டும். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல் அதைப் 'புற்றுநோய் உண்டாக்கக்கூடும்' என்ற வகையில் வைத்தது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை அப்படி இல்லை என்கிறது. அந்தச் சண்டை ஓயவில்லை. அதில் தலையிடாமலே சொல்லலாம்: பச்சையாக எது இருந்தாலும் சாகடிக்கிற மருந்து அது. காற்றில் அடித்துக்கொண்டு போய் இலையில் பட்டால் உங்கள் மகிழங்கன்றுக்கும் அதே கதிதான்.

வீட்டு முறை ஒன்று சொல்கிறேன். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 200 கிராம் சமையல் உப்பு, கொஞ்சம் சோப்புத் திரவம். பார்த்தீனியம் பூக்கும் முன் நல்ல வெயிலில் தெளித்தால் கருகிவிடும். வேளாண் துறையினரே பரிந்துரைப்பதுதான்.

---

களைக்கொத்து (திண்டுக்கல்)

உப்புக் கரைசல் தரிசு நிலத்துக்கும் சாலையோரத்துக்கும் சொன்னது. கன்று நடுகிற மண்ணில் லிட்டருக்கு 200 கிராம் உப்பைத் திரும்பத் திரும்ப ஊற்றினால் பார்த்தீனியத்தோடு சேர்த்து நாளைய மரத்தையும் பட்டினி போடுகிறீர்கள். சுவருக்கு வெளியே, தார்ச்சாலை ஓர விரிசலில் வேண்டுமானால் அடியுங்கள். உள்ளே வேண்டாம்.

---

வடமராட்சி (யாழ்ப்பாணம்)

இந்த இழையை வாசிக்கும்போது எங்கள் ஊர்க் கதை போலவே இருக்கிறது. எங்கள் பக்கம் இதைச் சிரமதானம் என்போம். சனசமூக நிலையமோ விளையாட்டுக் கழகமோ ஒரு நாள் குறித்து அறிவித்தால், வீட்டுக்கு ஒருவராவது மண்வெட்டியும் கத்தியும் கொண்டு வந்து விடுவார்கள். கோயில் வீதி, மயானம், பாடசாலை வளவு, குளக்கட்டு என்று பற்றை வெட்டித் துப்புரவாக்குவோம். டெங்குக் காலத்தில் இது இன்னும் கூடும்.

பார்த்தீனியம் எங்களுக்கும் பெரிய தலையிடி. இந்திய அமைதிப்படை வந்த 1987 காலப்பகுதியில், அவர்களுடைய ஆடுகளோடு வந்து சேர்ந்தது என்பதே இங்கே எல்லோரும் சொல்லும் கதை. எப்படி வந்திருந்தாலும், தோட்டக் காணிகளிலும் வீதி ஓரங்களிலும் பரவிவிட்டது. மாகாண விவசாயத் திணைக்களமும் மக்களைச் சேர்த்துப் பிடுங்கும் வேலைத்திட்டங்கள் நடத்தியது. அன்றைக்குப் பார்த்தால் துப்புரவாக இருக்கும். அடுத்த மாரிக்கு மீண்டும் முளைக்கும். விதை மண்ணுக்குள் சில வருடங்கள் கிடந்து முளைக்கும் என்பதைச் சனத்துக்கு முதலே விளங்கப்படுத்தாமல் விட்டால், "போன முறைதானே பிடுங்கினோம்" என்று சலித்து வராமல் விடுவார்கள். எங்களுக்கு நடந்தது அதுதான்.

வைகைக்கரை ஐயா கேட்ட கேள்வி இங்கேயும் உண்டு. பிரதேச சபை செய்ய வேண்டியதை ஏன் நாங்கள் செய்ய வேண்டும் என்று இளையவர்கள் கேட்கிறார்கள். போர்க்காலத்தில் சபை என்று ஒன்று இயங்காமல் இருந்தபோதும் வீதி துப்புரவாகத்தான் இருந்தது, அதை நினைத்துப் பார்க்கும் வயது எனக்கு. ஆனால் அதை ஒரு வாதமாக வைக்க எனக்கு விருப்பம் இல்லை. அப்படி ஒரு காலம் யாருக்கும் வேண்டாம்.

ஒரு கேள்வி: உங்களிடம் பார்த்தீனியம் பிடுங்கியவர்களுக்குத் தோல் கடி வருவதில்லையா?

---

மகிழம்பூ

வருகிறதே! எங்கள் குழுவில் ஒருவருக்குக் கழுத்து, முழங்கை மடிப்பு எல்லாம் தடித்துச் சிவந்துவிட்டது. தோல் மருத்துவர் ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார்: அந்தச் செடி பக்கமே போகக் கூடாது. அதிலிருக்கிற பார்த்தெனின் என்ற பொருள்தான் காரணமாம். முதல் நாளே வந்துவிடும் என்று இல்லை, பலமுறை பட்ட பிறகு திடீரென்று ஒத்துக்கொள்ளாமல் போகும். ஒருமுறை வந்தவருக்கு அடுத்த முறை இன்னும் வேகமாக வருகிறது. மூக்கு ஒழுகல், இழுப்பு இருப்பவர்களுக்குப் பூந்துகள் இன்னும் தொல்லை.

அவரைக் குழுவை விட்டு அனுப்பவில்லை. தண்ணீர் ஊற்றுகிறார், சருகு அள்ளுகிறார். மற்றவர்கள் முழுக்கைச் சட்டை, ரப்பர் கையுறை. வீட்டுக்குப் போனதும் அந்தத் துணியைத் தனியே ஊறப்போட வேண்டும், மற்றத் துணியோடு சேர்க்கக் கூடாது.

---

கடலோரம் (கிழக்குக் கடற்கரைச் சாலை)

கையுறையோடு காலணியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கணுக்காலை மூடுகிற காலணி. செருப்போடு புதரில் இறங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

எங்கள் பக்கம் வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978 முதல் இருக்கிறது. நாட்டில் தயாராகும் பாம்புக்கடி மருந்துக்கான நஞ்சில் பெரும்பங்கு அங்கிருந்துதான் போகிறது. வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரண்டு இருளர் இனத்தவருக்கு 2023இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள், நினைவிருக்கும். அவர்கள் புதரில் கை வைக்கிற விதத்தைப் பார்த்திருக்கிறேன். கை முதலில் போகாது. கம்புதான் முதலில் போகும், கண் அதற்குப் பின்னால் போகும், கடைசியில் கை.

நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்கும் மனிதர் புழங்கும் இடத்தில் இருப்பவைதான். கண்ணாடிவிரியன் சருகில் படுத்தால் சருகாகவே தெரியும். போன வாரம் குவித்து வைத்த சருகை இந்த வாரம் வெறுங்கையால் அள்ளாதீர்கள், முதலில் நீளக் கம்பால் கலைத்துவிடுங்கள். செங்கல் குவியலையும் அப்படியே. கடித்துவிட்டால் கீறுவது, உறிஞ்சுவது, கயிற்றால் இறுக்கிக் கட்டுவது எதுவும் கூடாது. கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து 108ஐ அழைத்து, நஞ்சுமுறிவு மருந்து இருக்கிற மருத்துவமனைக்கு நேராகப் போக வேண்டும். எந்த மருத்துவமனையில் அது இருக்கிறது என்பதைக் கடிபடுவதற்கு முன்னாலேயே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். பாம்பைத் துரத்திக்கொண்டு போய் அடிக்க வேண்டாம். பூங்காவில் தெரிவது பெரும்பாலும் எலி தேடி வரும் சாரைதான்.

---

பட்டாம்பூச்சிப் பையன் (கோவை)

அண்ணா, அக்கா, எல்லோருக்கும் வணக்கம். நான் கல்லூரி மாணவன், விலங்கியல். ஒரு வேண்டுகோள்: எல்லாவற்றையும் களை என்று பிடுங்கிவிடாதீர்கள்.

எங்கள் பகுதியில் ஒரு பூங்காவை ஆர்வத்தோடு 'சுத்தம்' செய்தார்கள். எருக்கு போயிற்று, ஆவாரை போயிற்று. ஓரத்தில் தரையோடு படர்ந்திருந்த ஆடுதின்னாப்பாளையும் போயிற்று. எருக்கு இலையில்தான் வெந்தய வரியன் முட்டையிடும். ஆவாரையில் மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகள் சில. ஆடுதின்னாப்பாளையைத் தின்று வளர்வது சிவந்த உடலும் கருப்பு இறக்கையும் கொண்ட அழகி இனம். அதன் புழு வேறு செடியைக் கொடுத்தால் பட்டினி கிடந்து சாகுமே தவிர வாய் வைக்காது. அதன் பிறகு அந்தப் பூங்கா வாசலில் வண்ணத்துப்பூச்சி ஓவியம் வரைந்தார்கள்.

கையால் எடுப்பதில் எனக்குப் பெரிதாகப் படுவது இதுதான். இயந்திரத்துக்குப் பார்த்தீனியமும் தும்பையும் ஒன்று. கைக்கு அப்படி இல்லை. தும்பை, நாயுருவி, மூக்கிரட்டை, கீழாநெல்லி எல்லாம் கன்றுக்கு இடைஞ்சல் இல்லாத இடத்தில் இருந்துவிட்டுப் போகட்டும்.

இன்னொன்று, பங்குனி முதல் தரையைக் கவனித்து நடங்கள். ஆள்காட்டிக் குருவி கூடு கட்டாது. சும்மா மண்ணில் நாலு கூழாங்கல்லை வட்டமாக வைத்துக்கொண்டு நடுவில் முட்டையிடும். முட்டை மண்நிறம், கரும்புள்ளிகள், கூர்முனை நான்கும் உள்நோக்கி இருக்கும். இரண்டடி தூரத்தில் நின்றாலும் கண்ணுக்குப் படாது. தலைக்கு மேல் பறந்து கத்திக் கூப்பாடு போட்டால் நீங்கள் முட்டைக்கு அருகில் இருக்கிறீர்கள் என்று பொருள். வந்த வழியே திரும்புங்கள்.

---

வைகைக்கரை (மதுரை)

தம்பி எழுதியது நன்றாக இருக்கிறது. ஆனால் தும்பைக்கும் பார்த்தீனியத்துக்கும் வித்தியாசம் தெரிந்த கை எத்தனை பேரிடம் இருக்கிறது? பக்கத்து ஊரில் நூறு நாள் வேலைக்குப் போகிற அம்மாக்களைக் கேளுங்கள். இருட்டில்கூடத் தொட்டுப் பார்த்துச் சொல்வார்கள். அவர்களில் ஒருவரைச் சம்பளம் கொடுத்துக் கூப்பிட்டு, உங்கள் ஞாயிற்றுக்கிழமைக்காரர்களுக்குச் சொல்லிக்கொடுக்கச் சொல்லுங்கள். இயந்திரத்துக்கு ஒதுக்கிய பணம் அங்கே போகட்டும். களை எடுக்கிற கூலியாகத் தராதீர்கள், கற்றுக்கொடுக்கிறவருக்கான சம்பளமாகக் கொடுங்கள்.

---

புங்கநிழல்

இது எனக்குத் தோன்றவே இல்லை. சனிக்கிழமை கூட்டத்தில் வைக்கிறேன்.

---

மட்டுறுத்துநர்

உழவாரப் பணி பக்தியா சமூக சேவையா என்று தொடங்கி, திருநாவுக்கரசர் கையிலிருந்த உழவாரத்தில் வந்து முடிந்த பன்னிரண்டு பதிவுகளைத் தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன். கோயில் பிராகாரத்தில் புல் செதுக்குகிறவர்களின் அனுபவம் இங்கே பயன்படும், அதை எழுதுங்கள். யார் பெரியவர் என்ற வாதத்தை அங்கேயே வைத்துக்கொள்ளுங்கள்.

---

கருங்கல் (தஞ்சாவூர்)

மாற்றப்பட்டவர்களில் நானும் ஒருவன். மட்டுறுத்துநர் சொன்னதால் அனுபவத்தை மட்டும் எழுதுகிறேன். எங்கள் குழு மாதம் ஒரு சிவன் கோயில் என்று போகும். கல் இடுக்கில் முளைத்த அரச மரக் கன்றை அவசரப்பட்டு இழுக்கக் கூடாது. வேர் கல்லை நகர்த்திவிடும். மேலே வெட்டிவிட்டு அடுத்தடுத்த முறை துளிரைக் கிள்ளிக்கொண்டே வர வேண்டும், கல்லைக் கழற்றி அடுக்கத் தெரிந்த ஸ்தபதி வந்த பிறகுதான் வேரில் கை வைக்க வேண்டும். உங்கள் பூங்காச் சுற்றுச்சுவருக்கும் இது பொருந்தும்.

ஆள் வருகிற விஷயத்தில் ஒன்று. எங்களிடம் வேலை முடிந்ததும் சாப்பாடு உண்டு. சாம்பார் சாதம், தயிர் சாதம், ஊறுகாய். டீயோடு கலைகிற குழுவுக்கும் இலை போட்டு உட்கார்கிற குழுவுக்கும் அடுத்த மாதம் வருகிறவர் எண்ணிக்கையில் வித்தியாசம் தெரியும். சமைப்பவர் மாதா மாதம் மாற வேண்டும், அதில் ஆண்களும் அடக்கம். இல்லாவிட்டால் மகிழம்பூ அம்மா மறுபடி கேட்பார்.

---

மகிழம்பூ

கேட்பேன்.

---

புங்கநிழல்

கூட்டம் முடிந்தது. நீண்ட நேரம் நடந்தது. நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

களைக்கொல்லி இல்லை என்று முடிவாயிற்று. உரிமத்தைப் பற்றிக் கேட்டதும் ஒப்பந்தக்காரர் "பார்த்துச் சொல்கிறேன்" என்றார், இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார். நடைபாதை ஓரத்திலும் வாகன நிறுத்தப் பக்கமும் மட்டும் இயந்திரம் ஓடும். கன்று நிற்கிற பகுதி முழுக்கக் கைவேலை. கூட்டத்தில் டீச்சர் எழுந்து மேற்குச் சுவரைப் பற்றிச் சொன்னபோது, வீம்பு என்றவர் அங்கே போய்ப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார். ஒன்றும் சொல்லவில்லை. அவர் மனைவி வியாழக்கிழமைக் குழுவில் இருக்கிறார் என்பது அப்போதுதான் அவருக்கே தெரியும் போலிருக்கிறது.

செவ்வாய், வியாழன் மாலைக்குழுதான் இனி முதன்மைக் குழு. ஞாயிறு நாங்கள் தோண்டுவது, சுமப்பது, குழி வெட்டுவது. வைகைக்கரை சொன்னபடி பக்கத்துக் கிராமத்தைச் சேர்ந்த ஒரு அம்மாவை மாதம் இரண்டு நாள் சம்பளத்துக்கு அழைத்திருக்கிறோம். முதல் நாளே எங்கள் மண்வெட்டிகளைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "இதை வைத்துக்கொண்டா இத்தனை நாள் வேலை செய்தீர்கள்?" என்று கேட்டார். எல்லாம் ஆட்டம் கண்ட காம்பு.

தீராதது ஒன்று இருக்கிறது. சருகை எரிக்கக் கூடாது என்று திடக்கழிவு விதிகளே சொல்கின்றன. மக்கவைக்கக் குழி வெட்டினால் கொசு வரும், பாம்பு வரும் என்று அருகில் இருக்கிற இரண்டு வீட்டார் எதிர்க்கிறார்கள். அவர்களைத் தவறு சொல்லவும் முடியவில்லை. அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வைத்திருக்கிறோம்.

களைக்கொத்து அண்ணா, காம்புக்கு என்ன மரம் வாங்கலாம்? கடையில் கிடைப்பது மூன்று மாதத்தில் பிளந்துவிடுகிறது.

---

களைக்கொத்து (திண்டுக்கல்)

சருகுக்குக் குழி வேண்டாம். கம்பி வலையை வட்டமாக வளைத்துத் தரைமேல் நிறுத்தி, அதற்குள் போட்டு மிதித்து அழுத்துங்கள். தண்ணீர் தேங்காது, அதனால் கொசு இல்லை. எதிர்க்கிற வீட்டுச் சுவரிலிருந்து தள்ளி வையுங்கள், நீளக் கம்பால் வாரம் ஒருமுறை கிளறுங்கள்.

காம்புக்கு நாட்டுக் கருவேலம் நல்லது. பூவரசும் பரவாயில்லை. பச்சை மரத்தில் போட்டால் காய்ந்ததும் சுருங்கி ஆடும், காய்ந்த கட்டையாகப் பார்த்து வாங்குங்கள். கணு இல்லாமல் நார் நீளவாக்கில் ஓட வேண்டும். சந்தைக்கு வருகிற கொல்லரிடமே சொல்லிவிட்டால் இழைத்துப் பூட்டிக் கொடுப்பார். களைக்கொத்து வாங்கும்போது அலகைச் சுண்டிப் பாருங்கள். மொத்தையாகச் சத்தம் வந்தால் வேண்டாம். டீச்சருக்கு உட்கார்ந்து எடுக்க ஒரு சாண் காம்பு போதும், மற்றவர்களுக்கு முழ நீளம். வேலைக்கு முந்தின இரவு தலைப் பக்கத்தைத் தண்ணீரில் முக்கி வையுங்கள், மரம் ஊறி இறுகிக்கொள்ளும்.